மெயிலுக்கு ஒரு சாவி: திருப்பூர் ஆபீஸ் ஒன்றின் இரண்டு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். முடித்து, டேலி கற்றுக்கொண்டு வந்தவள். பதினான்கு வருடமாக இதே ஆபீஸ். சின்ன ஆபீஸ் என்பதால் மெயில் கணக்கு தொடங்கிக் கொடுப்பது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது எல்லாம் என் வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல ஒருவர் ஒவ்வொரு ஆபீஸிலும் இருப்பார்.

2023 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். டென்மார்க்கில் இருந்து எங்களிடம் சரக்கு வாங்குகிற பையரின் அக்கவுண்ட்ஸ் அம்மா ஃபோன் செய்தார். எப்போதும் மெயிலில்தான் பேசுவார், ஃபோன் வந்ததே ஆச்சரியம். "உங்கள் வங்கிக் கணக்கைப் போலந்துக்கு மாற்றிவிட்டீர்களாமே, அந்தக் கணக்குக்கே பணம் போடலாமா?" என்று கேட்டார். 38,000 யூரோ. திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

அவருக்குப் போன மெயிலைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பியின் ஐடியிலிருந்தே போயிருந்தது. அவன் வழக்கமாக எழுதுகிற அதே ஆங்கிலம், கீழே அவன் பெயர், அதற்கும் கீழே மூன்று மாதமாக நடந்த பேச்சு முழுவதும் அப்படியே. நானே பையராக இருந்திருந்தால் பணம் போட்டிருப்பேன்.

"தம்பி, பேங்க் மாத்தச் சொல்லி டென்மார்க்குக்கு ஏதாவது அனுப்புனியா?"

"இல்லீங்கக்கா. நான் எதுக்குங்க பேங்க் விஷயம் எழுதறேன்?"

அவனுடைய அனுப்பிய மெயில் பட்டியலில் அது இல்லை. அழித்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், யாரோ ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பையரிடமிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸில் காட்டாமல், படித்ததாகக் குறித்து, ஓரமாக ஒதுக்கிவிடும். நான்கு நாளாக ஒருவன் உள்ளேயே உட்கார்ந்து எங்கள் பேச்சைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

யோசித்து யோசித்து, செவ்வாய்க்கிழமை வந்த ஒரு மெயில் அவனுக்கு ஞாபகம் வந்தது. திருத்திய பிஓ, அதாவது பையர் அனுப்பும் ஆர்டர் தாள், என்று ஒரு லிங்க். "பாஸ்வேர்டு கேட்டுச்சுங்கக்கா, போட்டேன். அப்புறம் ஆப்ல வர்ற கோடு கேட்டுச்சு, அதையும் போட்டேன். கோடு போட்டதும் சரியா உள்ள போயிருச்சு. அதனால நிஜப் பக்கம்தான்னு நெனச்சுட்டேன்" என்றான்.

பிரௌசர் ஹிஸ்டரியில் அந்த முகவரியைத் தேடிப் பிடித்தோம். ஆங்கிலத்தில் 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தும் ஒட்டி நின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷிப்மென்ட் நெருக்கடியில், ஒரு இருபத்தாறு வயதுப் பையன் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

எனக்கு வலித்தது வேறு ஒன்று. எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம், சிம்மை வேறொருவர் பெயரில் மாற்றி வாங்கி ஓடிபியைத் திருடுகிறார்கள் என்று படித்துவிட்டு, ஃபோனிலேயே கோடு காட்டுகிற ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு எல்லோரையும் மாற்றியதே நான்தான். அதற்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று நம்பியிருந்தேன்.

அன்று ராத்திரி செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டை மாற்றினோம். எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்றினோம். ஃபில்டரை அழித்தோம். ஃபார்வர்டு முகவரி ஏதாவது சேர்ந்திருக்கிறதா, தெரியாத செயலிகளுக்கு அனுமதி போயிருக்கிறதா என்று பார்த்தோம். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. உள்ளே வந்தவன் கையில் லாகின் ஆன நிலையே இருக்கிறது, அதைப் பிடுங்கினால்தான் வெளியே போவான். சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணிலும் சொல்லி வைத்தோம். பணம் போயிருந்தால் அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. எங்கள் விஷயத்தில் பணம் போகவில்லை. டென்மார்க் அம்மா ஒரு ஃபோன் போட்டதால் பிழைத்தோம்.

அதற்குப் பிறகு இந்தச் செயலி என்னதான் செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். முதல் நாள் கியூஆர் கோடு ஸ்கேன் செய்கிறோம் இல்லையா, அதற்குள் ஒரு ரகசியச் சொல் இருக்கிறது. அது இணையதளத்திடமும் இருக்கும், நம் ஃபோனிலும் இருக்கும். இரண்டும் அந்தச் சொல்லையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணை எடுக்கின்றன. இந்த முறை 2011-இலேயே எல்லோருக்குமான பொதுத் தரமாக எழுதி வெளியிடப்பட்டது. நெட் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவருக்கு எத்தனை முறை போட்டாலும் கோடு தவறு என்றே வந்தது. அவர் ஃபோனில் ஆட்டோமேட்டிக் டைம் அணைந்து, இரண்டு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்ததும் உள்ளே போய்விட்டது.

எண் சரியா என்று இணையதளத்துக்குத் தெரியும். அதை யார் தட்டினார், எந்தப் பக்கத்தில் தட்டினார் என்பது தெரியாது. போலிப் பக்கம் நடுவில் நின்றுகொண்டு, நாம் போடுகிற பாஸ்வேர்டையும் கோடையும் அந்த நொடியே நிஜப் பக்கத்தில் போடுகிறது. 30 வினாடி என்பது நமக்குத்தான் அவசரம், ஒரு புரோகிராமுக்கு அது தாராளமான நேரம். தம்பியின் கோடு நிஜமாகவே வேலை செய்தது. வேறொருவனுக்காக வேலை செய்தது.

அந்தத் தேடலில் கிடைத்ததுதான் கிளவுட்ஃபிளேர் விவரம். 2022 ஜூலையில் அந்தக் கம்பெனி ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு, ஒரு நிமிடத்துக்குள், லாகின் பக்கம் போல ஒரு போலி லிங்க் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மூன்று பேர் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகச் செய்கிறவர்களே போட்டுவிட்டார்கள் என்று படித்ததும், தம்பிமேல் இருந்த கொஞ்ச நஞ்ச வருத்தமும் போய்விட்டது. ஆனாலும் உள்ளே எவராலும் நுழைய முடியவில்லை. காரணம், அங்கே எல்லோருக்கும் பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னச் சாவி கொடுத்திருந்தார்கள். அதைச் செருகித் தொட்டால்தான் லாகின் ஆகும். திருடனிடம் பாஸ்வேர்டு இருந்தது, சாவி இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே கேட்டது நியாயமான கேள்வி. "ஏம்மா, அதுதான் டி.எஸ்.சி. டோக்கன் இருக்குதே, அதையே சொருகி மெயில் ஓப்பன் பண்ண முடியாதா?"

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். டி.எஸ்.சி. டோக்கன் நீங்கள் இன்னார் என்று சான்றிதழ் வைத்து டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கு. அதற்கு டிரைவர் போட வேண்டும், அதிகபட்சம் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். இந்தச் சாவியில் உங்கள் பெயர்கூட இருக்காது. ஒவ்வொரு இணையதளத்தில் பதிவு செய்யும்போதும் அந்தத் தளத்துக்கென்று ஒன்றோடொன்று பொருந்துகிற ஒரு ஜோடி எண்ணை உருவாக்கும். ரகசியப் பாதி சாவிக்குள்ளேயே தங்கிவிடும், மறு பாதி மட்டும் தளத்துக்குப் போகும். மறுபடி லாகின் செய்யும்போது, திறந்திருக்கிற பக்கத்தின் முகவரி என்ன என்று பிரௌசரே சாவியிடம் சொல்லும். முகவரி பொருந்தினால்தான் சாவி பதில் தரும். ஆர்-என் சேர்த்து எம் போலக் காட்டுவது என் கண்ணை ஏமாற்றலாம், பிரௌசரை ஏமாற்ற முடியாது. அதற்கு அவை வேறு வேறு எழுத்து. டிரைவர் வேண்டாம், பேட்டரி இல்லை, காலாவதி இல்லை. ஃபிடோ என்ற கூட்டமைப்பு வகுத்த தரம் இது. 2019-இலிருந்து பிரௌசர்களுக்கான பொதுத் தரத்திலும் இருக்கிறது. அதனால் எந்தக் கம்பெனி சாவி வாங்கினாலும் இதே முறைதான்.

எங்கள் ஆபீஸில் பையரோடு மெயில் பேசுகிறவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு என்றால் பத்துச் சாவி வேண்டும். நாங்கள் ஏழு வாங்கினோம். ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று. மீதி இரண்டை உதிரியாக ஐந்து கணக்கிலும் பதிவு செய்து இரும்புப் பெட்டியில் வைத்தோம். ஒரே சாவியை எத்தனை கணக்கில் வேண்டுமானாலும் இரண்டாம் அடையாளமாகச் சேர்க்கலாம். பாஸ்வேர்டு தெரியாமல் அந்த உதிரியை வைத்து ஒருவராலும் உள்ளே போக முடியாது. ஒன்று ஏறக்குறைய 3,500 ரூபாய், ஏழுக்கு 24,500. ஒரே ஒரு சாவி மட்டும் வாங்கித் தொடங்காதீர்கள். அது தொலைந்த அன்று நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஆப்பிள் கணக்கில் சாவி சேர்க்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு இருந்தால்தான் விடுகிறார்கள், அது சரியான விதி.

வாங்கும்போது உங்கள் கம்ப்யூட்டரில் எந்தத் துளை இருக்கிறது என்று பாருங்கள். எங்களிடம் இருந்தவை பழைய டெஸ்க்டாப்புகள், அகல யூஎஸ்பிதான் செருகும். ஃபோனிலும் மெயில் பார்ப்பதால், செருகாமல் ஃபோனோடு ஒட்டி வைத்தாலே வேலை செய்கிற என்எஃப்சி உள்ளதாக எடுத்தோம். ஐபோன் என்றால் ஃபோனின் மேல் விளிம்பில் வைக்க வேண்டும். மற்ற ஃபோன்களில் முதுகுப் பக்கம் மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் பிடிக்கும், தடிமனான கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. பனியன் துணியின் பஞ்சு எங்கேயும் பறந்து உட்காரும். முதல் நாள் இரண்டு கம்ப்யூட்டரில் சாவியைக் கண்டுகொள்ளவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் யூஎஸ்பி துளைக்குள் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. தையல் மெஷினுக்கு வைத்திருக்கிற புளோயரால் ஊதிய பிறகு சரியானது.

சாவியின் நடுவில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும், அதைத் தொட வேண்டும். அது கைரேகை பார்க்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் சாவியில் அது இல்லை, மனிதர் ஒருவர் எதிரில் இருக்கிறார் என்பதற்கான தொடுதல் மட்டும்தான். கைரேகைக்கென்று தனி மாடல் உண்டு, விலை கூடுதல்.

இதுவரை எல்லாம் சுலபம். நான் இரண்டு வாரம் தவறு செய்துகொண்டிருந்த இடம் ஒன்று உண்டு. சாவியைச் சேர்த்தேன், ஆனால் பழைய செயலிக் கோடையும் எஸ்எம்எஸ்ஸையும் எடுக்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டால் சாவி வாங்கியதில் பாதிப் பயன் போய்விட்டது. போலிப் பக்கம் சாவியைக் கேட்கவே வேண்டியதில்லை, 'வேறு வழியில் உறுதி செய்யவும்' என்று காட்டிக் கோடு கேட்டால் போதும். முன் வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்ட மாதிரி. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் நிர்வாகப் பக்கத்திலும் இப்படிப்பட்ட சாவி மட்டுமே என்று கட்டாயமாக்க வழி இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அதன் பலன் 2024 நவம்பரில் தெரிந்தது. அதே தம்பி என் மேஜைக்கு வந்தான். "அக்கா, ஒரு பக்கம் வந்திருக்குதுங்க. பாஸ்வேர்டு போட்டுட்டேன். ஆனா சாவி கேக்க மாட்டேங்குது, ஆப் கோடு கேக்குது. நம்மகிட்டதான் கோடே இல்லையே." எழுந்து போய்ப் பார்த்தேன். பக்கம் அச்சு அசலாக இருந்தது. கோடு போடுகிற கட்டம் மின்னிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றினோம், டீ குடித்தோம், வேலை பார்த்தோம். அவ்வளவுதான்.

சாவியாலும் ஆகாதது உண்டு. கம்ப்யூட்டரிலேயே வைரஸ் புகுந்து, லாகின் ஆன நிலையைத் திருடிப் போனால் சாவி ஒன்றும் செய்யாது. கிராக் செய்த சாஃப்ட்வேரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடாதீர்கள் என்று நான் கத்துவது அதனால்தான். பையரின் பக்கம் மெயில் திருடு போனாலும் நம் சாவி காப்பாற்றாது. ஆகவே வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், மெயிலில் இருக்கிற எண்ணுக்குக் கூப்பிடாமல், முன்பே நம்மிடம் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்பது என்று விதி வைத்திருக்கிறோம். எங்கள் எல்லாப் பையருக்கும் இதை எழுதி அனுப்பினோம்.

பின் நம்பர் விஷயத்தில் ஒருவர் மாட்டினார். சாவிக்கு ஒரு பின் நம்பர் வைத்திருந்தோம். அவர் அதை ஏடிஎம் பின் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டார். எங்கள் சாவியில் எட்டு முறை தவறானால் பூட்டிக்கொள்ளும், அதன்பின் அழித்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இரும்புப் பெட்டியில் இருந்த உதிரியால் பத்து நிமிடத்தில் உள்ளே போய், அவருடைய சாவியை மறுபடி பதிவு செய்தோம். அந்தப் பத்து நிமிடம் உதிரிக்குக் கொடுத்த 7,000 ரூபாய்க்குப் பதில் சொல்லிவிட்டது.

2024 செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. இப்படிப்பட்ட சாவிகள் செய்கிற யூபிகோ கம்பெனியின் 5.7-க்கு முந்தைய ஃபெர்ம்வேர் (சாவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) உள்ள சாவிகளில், உள்ளே இருக்கும் சிப்பின் குறை வழியாக ரகசியத்தை எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவற்றின் ஃபெர்ம்வேரைப் புதுப்பிக்கவும் முடியாது. ஆனால் அதற்குச் சாவி கையில் கிடைக்க வேண்டும், அதைப் பிரிக்க வேண்டும், விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். எங்கள் எதிரி எங்கேயோ உட்கார்ந்து மெயில் அனுப்புகிறவன். அதனால் சாவிகளை மாற்றவில்லை. தொலைந்தால் அன்றே கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக்கினோம்.

செயலியை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. போடவும் முடியாது. நம் ஊரில் வங்கிகள் பெரும்பாலும் ஓடிபியில்தான் நிற்கின்றன. லாரியில் சரக்கு அனுப்ப எடுக்கிற இ-வே பில் போர்ட்டலில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டடுக்கு லாகின் கட்டாயம். அங்கே எஸ்எம்எஸ், அரசின் சந்தேஸ் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி என்று மூன்று வழிதான். ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வாசலில் நிற்கும்போது எஸ்எம்எஸ் வராமல் தவித்தவர்களுக்கு ஷீல்டு செயலியின் அருமை தெரியும். சாவியை ஏற்காத இடத்தில் செயலி வையுங்கள். செயலியும் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ் வையுங்கள். ஒன்றும் இல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

செயலி வைத்திருப்பவர்களுக்கு என் 2021 அனுபவம் உதவும். பல்லடம் போகிற பஸ்ஸில் என் ஃபோன் தொலைந்தது. பதினொரு கணக்கின் கோடுகள் அதில் இருந்தன. ஒவ்வொரு தளமும் முதலிலேயே கொடுக்கிற பேக்கப் கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோனில் வைத்திருந்தேன். திரும்ப உள்ளே போக நான்கு நாள் ஆனது. ஒரு கணக்கு வரவே இல்லை. இப்போது அந்தக் கோடுகளைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, வீட்டுப் பீரோவில் எல்ஐசி பாலிசி வைக்கிற உறைக்குள் வைத்திருக்கிறேன். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்து கோடுகளைக் கணக்கிலேயே சேமிக்கலாம், புது ஃபோன் வாங்கினால் தானாக வந்துவிடும். வசதிதான். ஆனால் அந்த ஒரு கூகுள் கணக்குப் பறிபோனால் மற்ற எல்லாக் கோடும் கூடவே போய்விடும். ஆகவே சாவி ஒன்றே ஒன்றுக்குத்தான் வைக்க முடியும் என்றால், அந்த முதன்மை மெயிலுக்கு வையுங்கள். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் லிங்க் அங்கேதான் வருகிறது.

3,500 ரூபாய் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு பாஸ்கீ இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற என் மகளுக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். ஃபோனே சாவியாகிவிடும், கைரேகை வைத்தால் போதும். முகவரி பார்த்துப் பதில் சொல்கிற அந்தக் குணம் அதிலும் அப்படியே இருக்கிறது. காசு செலவில்லை. ஃபோன் பூட்டின் பின்னை யாருக்கும் சொல்லாமல் இருக்க வேண்டும், அதுவே அதன் உயிர். ஆபீஸில் மட்டும் தனிச் சாவியே வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர் ஃபோனைக் கொண்டுபோய்விடுவார், சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போவார்.

உதிரிச் சாவிகள் வருடம் முழுவதும் பெட்டிக்குள் கிடப்பதால், வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு நாள் வைத்தோம். ஆயுத பூஜை. அன்று எப்படியும் கத்தரி, டேப், கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைப்போம். பூஜைக்கு முன் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, உதிரிச் சாவி இரண்டையும் போட்டு ஒவ்வொருவர் கணக்கிலும் நுழைந்து பார்க்கிறோம். 2025-இல் அப்படிப் பார்த்தபோது, ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணின் கணக்கில் இரண்டாவது உதிரி பதிவாகவே இல்லை. சேர்த்துவிட்டு, லெட்ஜருக்குப் பக்கத்தில் ஏழு சாவியையும் வைத்துச் சந்தனம் வைத்தோம்.